தரையில் உடைந்த தட்டுகள்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்று இருந்தது. கிளப் என்பதே அதிகம். பஞ்சாலை ஒன்றின் பின்பக்கம், மலையைப் பார்த்த ஒரு பொட்டல், அவ்வளவுதான். ஞாயிறு காலையில் நாலைந்து கார்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் வந்தவர்கள், மீதிப் பேர் ஆலை முதலாளிக்கு ஜால்ரா போட வந்தவர்கள். சுடுவதற்கென்று வந்தவள் நான் ஒருத்திதான். அடக்கமாகச் சொல்லலாம்தான், ஆனால் பொய்யாகிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு டீச்சர். கூமாப்பட்டிப் பக்கத்து வயலில் பன்றி விரட்ட அப்பா வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி, அவருக்குப் பின் லைசென்ஸோடு என் பெயருக்கு வந்தது. கிளப்பில் ஸ்பிரிங் மெஷின் ஒன்று உள்ளங்கை அகல ஓட்டுத் தட்டை வானத்தில் வீசும். அது தரைக்கு வருவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். இதற்குக் கண் தட்டின்மேல் இருக்க வேண்டும், குழலின்மேல் அல்ல. அதுவும் இரண்டு கண்ணும். கல்லூரியில் பூப்பந்து ஆடியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்து வரும்போது எவளாவது ஒரு கண்ணை மூடிக்கொள்வாளா?

தோட்டா லேசில் கிடைக்காது. அதனால் வீட்டில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று காலித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி இறக்குவேன். சாயங்காலம் கண்மாய்க் கரையில் தகைவிலான் குருவிகள் பறக்கும்போது, ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டி விரலை முன்னே ஓட்டுவேன். டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளப் தலைவர் அந்த ஆலை முதலாளிதான். வெளிநாட்டுத் துப்பாக்கி, மஞ்சள் கண்ணாடி, தோல் பை என்று பந்தாவுக்குக் குறைச்சல் இல்லை. சுடுவதற்கு முன்னால் மனதைப் பற்றி ஒரு பிரசங்கம் வேறு செய்வார். தினமும் விளக்குச் சுடரை உற்றுப் பார்க்கிறாராம், மனம் அசையாமல் நிற்கிறதாம். மனம் நின்றதோ இல்லையோ, தட்டோடு ஓட வேண்டிய துப்பாக்கி நன்றாகவே நின்றது. இடது கண்ணை இறுக மூடி, வாயையும் கோணிக்கொண்டு, தட்டு எங்கே இருந்ததோ அங்கே சுடுவார். தட்டு அதற்குள் சோழபுரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனாலும் அவர் எண்ணிக்கை குறையாது. நடுவராக நின்றவர் அவருடைய ஆலை மேனேஜர். முழுசாகப் போன தட்டு வேலிக்கருவைக்குள் கல்லில் விழுந்து உடையும். மேனேஜரே ஓடிப்போய் ஒரு துண்டைப் பொறுக்கி வந்து, குண்டு பட்டு உடைந்தது என்று காட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். முதலாளி அந்த ஓட்டுத் துண்டுகளை வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பைவிட அருவருப்புதான் அதிகமாக வந்தது.

ஒரு வருடம் சென்னையில் மாநிலப் போட்டி. கிளப்புக்கு ஓர் இடம். எனக்கு அந்த ஓர் இடம் போதும். அதற்காகத்தான் கண்மாய்க் கரையில் அத்தனை நாளும் நின்றேன். தேர்வு நாளன்று எனக்குத் தவறியவை இரண்டோ மூன்றோதான். முதலாளிக்கு வழக்கம்போல வேலிக்கருவைக்குள்ளிருந்து துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் அவருக்கு என்னைவிட ஒன்று கூடுதல் என்றார் மேனேஜர். நான் அவரைத் தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"ஒங்களுக்கு இன்னும் வயசு கெடக்கு டீச்சர். மொதலாளி ஆசப்பட்டுட்டாவ," என்றார்.

மாற்று ஆள் என்று என் பெயரையும் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். அதையும் விட மனமில்லாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவர்கள் காரிலேயே போனேன். வழியெல்லாம் மனதைப் பற்றிய பிரசங்கம்.

சென்னையில் நடுவர் யாரோ ஒருவர். முதலாளி யார், ஆலை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. முதல் தட்டு பறந்தது. முதலாளி ஒரு கண்ணை மூடிச் சுட்டார். தட்டு முழுசாகப் போய்த் தூரத்தில் விழுந்தது. "போச்சு," என்று சொல்லிவிட்டு நடுவர் அடுத்தவரைப் பார்த்தார்.

முதலாளி துப்பாக்கியை இறக்கி, திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிஜமான குழப்பம்தான் இருந்தது. மனுஷன் இத்தனை வருடமும் உடைப்பதாகவே நம்பியிருக்கிறார். என் பக்கத்தில் மேனேஜர் பழக்கத்தில் துண்டு பொறுக்க ஓர் அடி எடுத்து வைத்துவிட்டார்.

சுற்று முடிந்து வந்த முதலாளி மேனேஜரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"மொதத் தட்டு ஒடஞ்சதுல்லா டீச்சர்?"

"ஒடஞ்சது சார். தரையில விழுந்து ஒடஞ்சது."

அவர் மஞ்சள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். என் துப்பாக்கி காரின் டிக்கியில், உறை பிரிக்காமல் கிடந்தது.