ப்ரோசிங் கையெழுத்துப் போடவில்லை

ஹவாயில் உள்ள வைபாஹுவில் ப்ரோசிங்கைத் தெரியாத இலோக்கானோ மொழிக் குடும்பம் இருக்க முடியாது. கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடித்தே காலம் தள்ளியவள். குரல் பெரிசு, ஆள் சின்னது. பிலிப்பைன்ஸிலிருந்து தன்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோதும், "பரீட்சை எல்லாம் யாரு எழுதறது? அட்டை இருக்கு, போதும்" என்று நிரந்தரக் குடியிருப்பு அட்டையோடு இருந்துவிட்டாள்.

அவள் புருஷன் அன்செல்மோ பல வருஷங்களுக்கு முன்பே அவளை விட்டுவிட்டு ஊருக்குப் போய், நேனா என்பவளோடு குடித்தனம் நடத்தினான். ஒருநாள் அந்த நேனாவே போன் செய்தாள். அன்செல்மோவுக்குப் பக்கவாதம். தூக்கி உட்காரவைக்கத் தன் ஒருத்தியால் ஆகவில்லை என்று அழுதாள்.

ப்ரோசிங் ஒரு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்தாள். அவளை மனாங், அதாவது அக்கா, என்றே கூப்பிடும் பக்கத்துப் போர்ஷன் ரூஃபோவுக்குப் பொறுக்கவில்லை.

"மனாங், உங்களை விட்டுட்டு ஓடின மனுஷனுக்கா கஞ்சி காய்ச்சிக் குடுக்கப் போறீங்க? உங்க மூளையையும் சலவைக்குப் போட்டுட்டாங்களா?"

"போடா. கூப்பிட்டது அவன் இல்ல, அவ. அவளுக்கு இடுப்பு சரியில்லையாம்."

ஊரில் இரண்டு பெண்களும் முதல் வாரம் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் முருங்கைக்கீரைக்கு எவ்வளவு மீன்சாறு ஊற்றுவது என்று சண்டை போட்டார்கள். அதன்பிறகு சிநேகிதம் ஒட்டிக்கொண்டது. அன்செல்மோவுக்கு வாய் குழறும். இருவரையும் "ப்ரோசிங்" என்றே கூப்பிடுவான். "பாத்தியா, இத்தனை வருஷம் சமைச்சது நான், பேரு உனக்கு" என்பாள் நேனா. அவன் கோணல் வாயால் சிரிப்பான்.

ஒரு மாதம் முடிந்து பெட்டி கட்டினாள். அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. தேறினான் என்று மறுபடி கட்டினாள். நேனாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. அன்செல்மோ ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தான். ஒன்பதாம் நாள் ஜெபம் முடித்து, நேனாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ப்ரோசிங் விமானம் ஏறினாள்.

ஹோனலூலு விமான நிலையத்தில் அவளைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். அதிகாரி இளைஞன், மரியாதையானவன். இலோக்கானோ தெரிந்த பெண் ஊழியர் ஒருத்தி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

"மேடம், ஒரு வருஷத்துக்கு மேல வெளியில இருந்திருக்கீங்க. இங்க வாழ்க்கை வேண்டாம்னு விட்டுட்டதாத்தான் நாங்க எடுத்துக்கணும். இதுல ஒரு கையெழுத்துப் போட்டு அட்டையைக் குடுத்துட்டீங்கன்னா சுலபமா முடிஞ்சிடும்."

"நான் எங்க விட்டேன்? என் வீடு இங்கதான்."

"அங்க இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?"

"என் புருஷனைப் பாத்துக்கிட்டேன்."

"அவர் இங்கருந்து போனவரா?"

"என்னை விட்டுட்டுப் போனவரு. அவரோட இன்னொரு பொண்டாட்டியும் நானும் சேந்து பாத்துக்கிட்டோம்."

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"கையெழுத்துப் போடலன்னா என்ன ஆகும்?"

"நீதிபதி முன்னால போகணும். அதுவரைக்கும் நீங்க வீட்டுல இருக்கலாம்."

"அப்ப அவருகிட்டயே சொல்லிக்கறேன். கதை பெருசு தம்பி, உனக்கு வேற ஆளுங்க காத்திருக்காங்க."

வெளியே காத்திருந்த ரூஃபோவைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. "என்னை அனுப்பிடுவாங்களாடா?" என்று கேட்டாள். எப்போதும் கிண்டல் செய்கிறவன் அன்று பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

மாதக்கணக்கில் காத்திருந்து வழக்கு வந்தது. நீதிபதி ஒரு பெண்மணி. அரசு வக்கீல் கேட்டார்: "அங்க சந்தோஷமா இருந்தீங்களா?"

சர்ச் மூலம் கிடைத்த அவளுடைய வக்கீல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ப்ரோசிங் நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

"இருந்தேன்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒருநாளும் அதை என் வீடுன்னு நினைக்கல. அது நேனா வீடு. நான் விருந்தாளியா இருந்து விருந்தாளியாத்தான் கிளம்பினேன்."

அடுத்து ரூஃபோ சாட்சிக் கூண்டில் ஏறினான். இவள் திரும்பி வருவாள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா போன்ல திட்டுவாங்க. பாவக்காய்க் கொடிக்குத் தண்ணி ஊத்தினியா, ஜன்னலைத் தொறந்து வெச்சியா, நான் வந்து படுக்கற கட்டில்ல உன் மச்சினனைப் படுக்க விட்டியான்னு. திரும்பி வராத பொம்பளை எதுக்குங்க என் உசுரை வாங்கணும்?"

"எப்படித் திட்டுவாங்க?" என்றார் நீதிபதி.

ரூஃபோ ப்ரோசிங்கைப் பார்த்தான். "மனாங், இங்க சொல்லலாமா?"

"சொல்லித் தொலை."

அவன் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் சலனமே இல்லாமல் ஒவ்வொரு வார்த்தையையும் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார். நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

நோயும் ஆபரேஷனும் அவள் கையில் இல்லாதவை, தற்காலிகமாகத்தான் போயிருந்தாள், வாழ்க்கையை இங்கே விட்டுவிடவில்லை என்று தீர்ப்பானது. ப்ரோசிங்குக்கு முதலில் விளங்கவில்லை. ரூஃபோ தாவி வந்து கையைப் பிடித்தபோதுதான் அழுதாள்.

இவ்வளவு நாள் வெளியே இருந்துவிட்டதால் குடியுரிமைக்கு எழுதிப்போட இன்னும் நாலு வருஷம் பொறுக்க வேண்டும் என்றார் வக்கீல். அதுவரை தீவை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நேனாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, பட்டு ரவிக்கையும் காதுக்கம்மலுமாக அலங்கரித்துக்கொண்டு மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்த ஹோட்டல் சலவை அறையில் போனை நிறுத்திவைத்து வீடியோவில் பார்த்தாள். மணப்பெண் கும்பிட்டபோது, ஈரத் துண்டுகளுக்கு நடுவே நின்று ஆசீர்வாதம் செய்தாள்.