மூன்றாம் ஓலை

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு எங்கள் சபையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று ஆயர் கேட்பார். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். தொண்ணூறுகளின் நடுவில் என் ஓலையை வாசித்த அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம், துடியலூரில் நடந்த ஒரு வாலிபர் முகாம். கல்யாணமே வேண்டாம், ஆயுசுக்கும் ஊழியம்தான் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் பிரசங்கியார். எதிர் வரிசையில் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிற ஒருவர் எழுந்தார். உடனே நானும் எழுந்தேன். ஆண்டவர் ஞாபகமே எனக்கு இல்லை, வெட்கக்கேடு. மூன்று வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து பெண் கேட்டவரும் அவரேதான்.

இரண்டாம் ஓலை முடிந்த வாரம், ஆர்.எஸ்.புரத்தில் சேலை எடுக்கப் போனோம். பெரியவர்கள் கடைக்குள் இருக்க, வாசலில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நீங்க எந்திரிச்சீங்கன்னுதானுங்க நானும் எந்திரிச்சேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் நெசமாலுமே ஆண்டவருக்குன்னுதானுங்க எந்திரிச்சேன். அப்புறம் உங்களைப் பார்த்துப் பார்த்து முடியாமப் போச்சு."

வேறொரு பெண்ணாயிருந்தால் குளிர்ந்துபோயிருப்பாள். நானோ கடைக்குள் ஓடி, சரியாகப் பார்க்காமலே ஒரு சேலையைக் காட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டினேன். கல்யாணமாகாதவன் கர்த்தருக்கானதை நினைப்பான், ஆனவன் மனைவியை நினைப்பான் என்கிறார் பவுல். பயந்துபோய் உன்னதப்பாட்டுக்கு ஓடினேன். அங்கே ஒருத்தி காதலனைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறாள். அவள் சபை, அவன் கிறிஸ்து என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்கு அதில் இவர் முகம்தான் தெரிந்தது. ஒரே புத்தகத்துக்குள் இப்படி இரண்டு பேச்சு இருந்தால் நான் எதைப் பிடித்துக்கொள்வது என்று கோபமாகக்கூட வந்தது.

மூன்றாம் ஞாயிறு ஆயர் எங்கள் பெயரை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். சபையார் வாயைத் திறப்பார்கள் என்ற பயம் எனக்கு இல்லை. ஆண்கள் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ இருமினார்கள். எனக்கு உயிரே போய் வந்தது. ஆண்டவரே, உமக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எனக்கு இவர் ஒருத்தர்தான், விட்டுவிடும் என்று கெஞ்சினேன்.

ஆயர் அடுத்த அறிவிப்புக்குப் போனார். அம்மா என் தொடையைத் தட்டினாள்.

"ஸ்தோத்திரம் பண்ணு, கண்ணு."

கண்ணை மூடினேன். யாரிடமிருந்து இவரைப் பிடுங்கிக்கொண்டேனோ, அவருக்கே நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.