இடப்பக்கத்து ஸ்பீக்கர்

அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் எங்கள் அலுவலகத்துப் பெரியவர் கொழும்புக்கு மாற்றலாகிப் போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனவை. லொறியில் இடமில்லை என்றார். ஜப்பானில் செய்த பழைய மரப்பெட்டிகள். இடுப்பளவு உயரம். ஒன்றின் முன்துணியை எலி கடித்திருந்தது. ஓட்டோவில் ஒவ்வொன்றாக ஏற்றி உவர்மலையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பொழுதுபட்டால் ஒருவரும் வெளிக்கிடாத யுத்த காலம் அது. தியேட்டருக்குப் போய்ப் படம் பார்ப்பதென்ற பேச்சே இல்லை. கலியாணத்துக்கு முன்னர் ஊருக்கு வந்த ஒரு படத்தையும் தவறவிடாதவள் என் மனைவி. அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும், வீட்டிலேயே அவளுக்கு ஒரு தியேட்டர் செய்து கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஐந்து ஸ்பீக்கர்கள் பூட்டக்கூடிய அம்ப்ளிபயர் ஒன்று கிடைத்தது. பெரிய பெட்டிகளை ரீவிக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். பழுதாய்ப்போன கசற் ரேடியோவிலிருந்து கழற்றிய இரண்டு சிறிய ஸ்பீக்கர்களைப் பின்சுவரில் ஆணியடித்து மாட்டினேன். வயர் வாங்கிக்கொண்டு வரும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இவ்வளவு நீள வயர் எதற்கு என்று கேட்ட சிப்பாய்க்கு, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் வீடு, படம், சத்தம் என்று மூன்று சொற்களைச் சொன்னேன். அவன் சுருளை முழுவதுமாக அவிழ்த்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அதை மறுபடி சுற்றுவதற்குத்தான் நேரமெடுத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளை நடுக்கதிரையில் இருத்திப் படத்தைப் போட்டேன். இரண்டு பெரிய பெட்டிகளும் ஒரே அளவில் வேலை செய்தால், கதைக்கிறவரின் குரல் ரீவிக்கு நடுவிலிருந்து வருவதுபோலக் கேட்கவேண்டும்.

"குரல் எங்கயிருந்து வருது, சொல்லும்" என்றேன்.

"வலப்பக்கத்தால."

நான் இருந்து கேட்டேன். எனக்கு நடுவில்தான் கேட்டது. ஆனால் அவள் சொன்ன பிறகு எனக்கும் கொஞ்சம் வலப்பக்கமாகக் கேட்பதுபோல் இருந்தது. இடப்பக்கத்துப் பெட்டி எலி கடித்த பெட்டி. அதில்தான் பிழை என்று நினைத்து, பெட்டிகளை இடம் மாற்றி வைத்தேன்.

"இப்ப?"

"வலப்பக்கத்தாலதான்."

அப்படியென்றால் பெட்டியில் பிழையில்லை, வயரில் பிழை. வயர்களை மாற்றினேன். வலப்பக்கம். அம்ப்ளிபயரில் இடப்பக்கத்துச் சத்தத்தைக் கூட்டினேன். வலப்பக்கம். கதிரையை ஒரு முழம் இடப்பக்கம் தள்ளினேன். அதற்கும் வலப்பக்கம்தான். நாலைந்து ஞாயிறுகள் இப்படியே போயின. அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் மனம் அந்த வயர்களுக்குள்ளேயே நின்றது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறவேண்டும். ஒன்றுமே மாறாமல் இருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு எங்க கேட்கவேணுமோ அங்கதான் கேட்குது எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. படத்தைப் பார்க்க விடுங்கோ" என்றாள்.

அடுத்த ஞாயிறு நான் கேட்டவுடனேயே, "இப்ப நடுவில கேட்குது. சரிவந்திட்டுது" என்றாள். அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன். இடப்பக்கத்து வயரைச் சுரண்டித் துப்புரவாக்குவதற்காகக் கழற்றி அதைக் கையில் பிடித்தபடியே நின்றேன். வேலை செய்தது வலப்பக்கத்துப் பெட்டி மட்டும்தான். அவளிடம் சொல்லாமல் வயரைப் பழையபடி பூட்டினேன்.

கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவரிடம் எலி கடித்த பெட்டியைக் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, "இதில ஒரு பிழையும் இல்லை தம்பி. நான் ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டில வச்சுப் பார்க்கிறன்" என்றார்.

வந்தார். நடுக்கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நடுவிலதானே கேட்குது" என்றார். பிறகு அவளைக் கூப்பிட்டு இருத்தினார். அவள் வலப்பக்கத்தைக் காட்டினாள். அவர் நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"தங்கச்சி, கதிரையைத் திருப்பிப்போட்டு, ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கோ பாப்பம்."

அவள் பின்சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"இப்ப குரல் எந்தப் பக்கம்?"

அவள் வலது கையை உயர்த்தினாள். அந்தக் கை இப்போது மற்றப் பெட்டியின் பக்கம் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் இன்னமும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, "தம்பி, இது பெட்டியின்ட பிழை இல்லை. தங்கச்சியின்ட இடது காதை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார். நான் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லியும் நிற்காமல் போய்விட்டார்.

அவள் கதிரையைத் திருப்பாமல் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"சந்தையில குண்டு வெடிச்ச அண்டையிலிருந்து."

அது ஒன்றரை வருசத்துக்கு முந்திய கதை. அன்று அவள் மரக்கறி வாங்கப் போயிருந்தாள். உடம்பெல்லாம் தூசியோடு, ஒரு கீறல் இல்லாமல் நடந்து வந்தாள். காது இரைகிறது என்றாள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்றாள். நானும் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு அதை மறந்துபோனேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்குப் பக்கத்தில தக்காளி தெரிஞ்செடுத்துக்கொண்டு நிண்ட பொம்பிளை வீட்ட திரும்பிப் போகேல்லை. நான் வந்து காது கேட்கேல்லை எண்டு என்னெண்டு சொல்லுறது? பிறகு நாள் போகப் போகச் சொல்லேலாமல் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் ஒன்றரை வருசம் இருந்த எனக்குத் தெரியாதது, ஒரு பின்னேரம் வந்துபோன மனிதருக்குத் தெரிந்துவிட்டது. றோட்டில் நடக்கும்போது அவள் எப்போதும் என் இடப்பக்கம் வந்து சேர்ந்துகொள்வதை நான் கண்டிருந்தேன். அது ஒரு பழக்கம் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். வலது காதைக் கவனமாக வைத்திருக்கச் சொன்னார்.

ஸ்பீக்கர்களை எல்லாம் கழற்றிவிட நினைத்தேன். அவள் விடவில்லை. கதிரைகளைத் தானே மாற்றிப் போட்டாள். இடப்பக்கத்துச் சுவரோரம் தனக்கு, வலப்பக்கம் எனக்கு. "இப்ப முழுச் சத்தமும் என்ர நல்ல காதுப் பக்கம் இருக்கு. நீங்களும் இருக்கிறியள்" என்றாள். அப்படி இருந்து எத்தனையோ படங்கள் பார்த்தோம்.

ஆனால் என் மனம் வேறொரு இடத்தில் சிக்கிக்கொண்டது. குண்டு வெடித்துச் சில மாதங்களின் பின் ஒருநாள், கந்தளாயிலிருந்து பஸ்ஸில் வரும்போது, சனநெரிசலில் கிடைத்த சீற்றில் நான் அவளுடைய இடப்பக்கத்தில் இருந்தேன். கனடாவில் இருக்கும் அவளுடைய அக்கா எங்களையும் அங்கே வரச்சொல்லி என் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தா. அந்தக் கடிதத்தைப் பற்றி அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். எனக்குப் போக விருப்பமில்லை என்றும் சொன்னேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வரவில்லை என்று பதில் போட்டேன்.

பல நாள் யோசித்துவிட்டு, அவளுடைய வலப்பக்கத்தில் இருந்து கேட்டேன். "அக்காவின்ட கடிதத்தைப் பற்றி பஸ்ஸில சொன்னனான். உமக்குக் கேட்டதோ?"

"எந்தக் கடிதம்?" என்றாள்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபிறகு, "கேட்டிருந்தால் போவம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள். பிறகு, "இப்ப கேட்டால் என்ன சொல்லுவன் எண்டு தெரியேல்லை" என்றாள்.

அடுத்த நாளே அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போது வரலாமா என்று கேட்டு அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று மாதத்தில் பதில் வந்தது. அங்கே சட்டம் மாறிவிட்டது, இப்போதைக்கு எங்களைக் கூப்பிட ஏலாது என்று எழுதியிருந்தா. அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். கவலைப்பட்டாளா, ஆறுதலடைந்தாளா என்று அன்றும் எனக்கு விளங்கவில்லை. யுத்தம் முடியும்வரை நாங்கள் அந்த வீட்டிலேயே இருந்தோம்.