இரண்டு மாத்திரைக்குப் பின் எடுத்த சளி

விதி இதுதான்: நோய்க்கிருமிக்கு எதிரான மருந்தின் முதல் வேளைக்கு முன்பே சளி மாதிரி எடுக்கப்பட வேண்டும். எனக்கு அது தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் விதியைக் காட்டியே ஆட்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

என் மனைவி விஜயாவுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோய் (காற்றுக் குழாய்கள் சுருங்கி, முழுதாக விரியாமலே போய்விடும் நிலை). பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. பிறந்த வீட்டில் மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்) எரித்த அடுப்பின் புகையே போதுமானதாக இருந்தது. கூடவே சர்க்கரை, பலவீனமான இதயம்.

ஒரு ஞாயிறு மாலை, திண்டிவனம் வீட்டில், அவள் சளி பச்சையாக வந்தது. சென்ற முறை மருத்துவர் தந்த கிருமிக்கு எதிரான மாத்திரையில் இரண்டு மீதம் இருந்தன. எதையும் வீணாக்காதவன் நான். அன்று ஒன்று கொடுத்தேன், திங்கள் காலை இன்னொன்று. மதியம் அவளால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் விழுப்புரம் போனோம்.

போனதும் சளி எடுத்தார்கள். மூன்றாம் நாள் வளர்ப்புச் சோதனையின் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) முடிவு வந்தது: வளர்ச்சி இல்லை. காய்ச்சல் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

மருத்துவர் என் மகள் வயதுப் பெண். "சார், இங்க வர்றதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா?"

"அப்படி குறிப்பா ஒண்ணும் இல்லைங்க."

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து விஜயா பேசினாள். "ரெண்டு குடுத்தாரும்மா... ரூல்ஸ் பேசிக்கினே."

மருத்துவர் சிரிக்கவில்லை. "அரைகுறையா அடிபட்ட கிருமி லேப்ல வளராது சார். உடம்புக்குள்ள வளரும். முதல் நாளே சொல்லியிருக்கணும்."

மறுபடி சளி வேண்டும். இருமவே அவளிடம் வலு இல்லை. உப்பு நீராவி பிடிக்கவைத்து, அரை நாள் காத்திருந்து, குப்பியின் அடி நனையுமளவு எடுத்து அனுப்பினார்கள்.

பதில் வரும்வரை ஊகத்தின் பேரில் மருந்து. மூச்சுக்குழாய் வீக்கத்துக்குத் தந்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றியது. நரம்பில் ஏற்றிய நீரை இதயத்தால் தள்ள முடியாமல் கால்கள் வீங்கின. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று கெட்டது.

அவள் மூச்சை எண்ணத் தொடங்கினேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. என் மூச்சும் தானாக வருவதை நிறுத்திவிட்டது. ஒவ்வொன்றையும் நினைத்து இழுக்க வேண்டியிருந்தது. ஆறாம் நாள், தொண்டையில் குழாய் இறக்குவதற்கான சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். "இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லியே, குழாயை இறக்காமல் நாட்களைத் தள்ளினார்கள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: மீதி மாத்திரை கொடுத்திருந்தால், கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வெட்கம் நாட்களைத் தின்கிறது.

கிருமியின் பெயர் ஒருவழியாக வந்தது. நான் கொடுத்த மாத்திரைக்கு அது அரைகுறையாக மட்டுமே அடங்கும் வகை. அதை முழுதாக அடக்கும் ஊசி அரை மணி நேரத்தில் ஏறியது. அவள் பிழைத்தாள், இன்று குளியலறைக்குப் போக இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள் என்பதெல்லாம் பிறகு. கிருமியின் பெயர் வந்த தாளில் அது எழுதியிருக்கவில்லை.

ஊசி ஏறும்போது கண் திறந்தாள். "ஏங்க, இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"திங்கக்கிழமைதான வந்தோம். ஒரு நாளுதான் ஆவுதா?"

நடுவிலிருந்த ஏழு நாட்களை நான் திருத்தவில்லை. அது ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை.