அவளுக்கு மட்டும் தெரிந்த என் இடம்

நானும் என் ஓரகத்தியும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்கள். இறால் போடும் ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவ வேண்டும். ஒருத்தியின் இடத்தை இன்னொருத்தி கேட்கக் கூடாது என்பது எங்கள் பெண்களுக்குள் வழக்கம். கரையேறும் முன் புடவை ஓரத்துச் சேற்றை நன்றாக அலசிவிடுவோம். சேற்றின் நிறமே இடத்தைச் சொல்லிவிடும்.

என் இடத்தில் இறால் பெரிதாகக் கிடைக்கும். அவளிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அவளுக்குத் துணி துவைக்கும் மெஷின் இருக்கிறது, தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசும் மகள் இருக்கிறாள். என் மகன் பொன்னேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நான் போன் போட்டால், "இன்னா விஷயம், சீக்கிரம் சொல்லு" என்பான். பக்கத்து வீட்டில் அவர்கள் பேசிச் சிரிக்கும்போது நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

அந்த மகள் போன பொங்கலுக்கு வந்தாள். பழவேற்காட்டில் பஸ் இறங்கியவளை அவள் அப்பா படகில் கூட்டி வந்தார். வழியில் தண்ணீரில் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் பார்க்காதது போல் குனிந்துகொண்டேன்.

மத்தியானம் அவர்கள் வாசலில் இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். ஓரகத்தி ஆரம்பித்தாள். "உன் வேலைய பெரியம்மாவுக்குச் சொல்லுடி. கம்ப்யூட்டர்ல திருடன புடிக்கிறா, அக்கா."

"திருடன் இல்லம்மா. நெறைய புரோகிராம் ஒண்ணோட ஒண்ணு பேசி வேல செய்யும். ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். எதுவும் ரகசியத்த வாய் தொறந்து சொல்லாது. ஆனா ரெண்டுத்துக்குத் தெரிஞ்சத சேத்து வச்சா வெளிய வந்துடும். எப்படி நடந்தாலும் வராதுன்னு கணக்குப் போட்டு நிரூபிக்கணும்."

"எல்லாத்தையும் ஓட்டிப் பாப்பியா?"

"ஆயுசு பத்தாதும்மா. ஒரே மாதிரி இருக்கிறத ஒண்ணா சேத்து, அதுக்கு ஒரு தடவ பாத்தா போதும்."

"அப்படின்னா உங்க பெரியம்மா எங்க தடவுறாங்கன்னு கணக்கு போட்டுச் சொல்லு பாக்கலாம்!" என்று சிரித்தாள் ஓரகத்தி. "புடவையில ஒரு பொட்டு சேறு இருக்காது. வெரல்ல மட்டும் எப்பவும் சிப்பி கிழிச்ச காயம். சிப்பி இந்த ஏரியில எங்கதான் இல்ல?"

புடவையை அலசினேனே தவிர விரலை யோசிக்கவே இல்லை. நான் எந்தப் பக்கம் போகிறேன் என்பது படகில் போகிற கொழுந்தனுக்குத் தெரியும். காயம் அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் சிப்பி இருப்பது ஒரே இடத்தில்தான், அது ஊருக்கே தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் தொழில் பேசிக்கொள்ளாததால் இத்தனை காலம் தப்பித்திருக்கிறேன். இப்போது இரண்டும் இந்தப் பெண்ணிடம் சேர்ந்துவிட்டன.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். தலையைத் திருப்பி, காலையில் என்னைப் பார்த்த திசையில் ஏரியைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது. நான் கிள்ளிய தலையைச் சட்டியிலும் இறாலைக் குப்பையிலும் போட்டேன்.

"தெரியலம்மா. பெரியம்மா கெட்டி" என்றாள்.

"இதுக்குத்தான் சம்பளம் தர்றானா உனக்கு?" என்றாள் ஓரகத்தி.

நான் எழுந்து வரும்போது தெருமுனை வரை கூடவே வந்தாள். "கரையேறுனதும் வெரல்ல மஞ்சள அப்பிக்கோங்க பெரியம்மா. காயமும் ஆறும், கண்ணுக்கும் தெரியாது. நைனாகிட்டயும் சொல்லமாட்டேன்."

நன்றி சொல்ல நாக்கு எழவில்லை. போட்டு உடைத்திருந்தால் திட்டித் தீர்க்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதையும் தரவில்லை அவள். அந்த இடமும் இப்போது அவள் பார்த்துக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

மஞ்சள் பூசிக்கொண்டுதான் இருக்கிறேன். "இன்னாக்கா, இந்த வயசுல மினுமினுப்பு?" என்று ஓரகத்தி கேலி செய்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெண் என் வயிற்றில் பிறக்காமல் அவள் வயிற்றில்தானே பிறந்தாள்.