டேப்லெட்டுக்கு விழுந்த சீட்டு

அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: தலைமை டீச்சர், வட்டார அலுவலகத்திலிருந்து மடிக்கணினியோடு வந்த சார், ஊர்த் தலைவர், அவருக்குப் பின்னால் வலைக்காரர்கள் ஒன்பது பேர், பெற்றோர் என்ற கணக்கில் நான். மற்ற அம்மாக்கள் எல்லாம் பழவேற்காட்டுக்கு மீன் கூடையோடு போய்விட்டார்கள். மீன் விற்கிற நேரமாகப் பார்த்துக் கூட்டம் வைத்தால் வேறு யார் வருவார்கள்?

பள்ளிக்குப் பத்து டேப்லெட் வந்திருந்தது. அதற்கு மூன்றாண்டுத் திட்டம் போட வேண்டுமாம். நான் ஆறாவதோடு நின்றவள். படித்தவர்களுக்கு வராத பயமெல்லாம் எனக்கு வரும்.

"சார், உப்புக் காத்து. எங்கூட்டுப் பூட்டே ஒரு மழைக்குத் தாங்கல. இது தாங்குமா?"

"அது ரெண்டாம் கட்டத்துல வரும்மா."

"வெள்ளம் உள்ள வந்தா?"

"அது மூணாம் கட்டம்."

"அப்ப மொத கட்டத்துல இன்னா சார் இருக்குது?"

"விழிப்புணர்வு" என்றார்.

யார் பிள்ளைக்கு எந்தக் கிழமை டேப்லெட் என்ற பக்கம் மட்டும் திட்டத்தில் காலியாக இருந்தது. அதை ஊர்க்காரர்களே முடிவு செய்ய வேண்டுமாம். தலைவர் மீசையைத் தடவினார். "ஏரியையே பங்கு போட்டவங்க நாங்க. இதுக்கா யோசிக்கணும்? பாடுதான்."

பாடு என்றால், ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி எடுக்கிற முறை. பட்டியலில் பேர் உள்ள ஆம்பளைக்குத்தான் சீட்டு. என் வீட்டுக்காரர் செத்ததும் அந்தப் பேரை அடித்துவிட்டார்கள். சார் பூரித்துப்போய் 'சமூகப் பங்கேற்பு' என்று டைப் அடித்தார். என் பெண் எட்டாவது. உதவித்தொகைத் தேர்வு எழுதப் போகிறாள். அதற்கான பயிற்சி அந்த டேப்லெட்டில்தான் இருக்கிறது.

"தலைவரே, பட்டியல்ல பேர் இல்லாத வூட்டுப் புள்ள இன்னா பண்ணும்?"

"பேர் இல்லாதவன் ஏரில வல போடுவானா?"

"எம் பொண்ணு வலையா போட வர்றா? பாடம் படிக்க வர்றா."

"பட்டியல்ல கை வெச்சா நாளைக்கு ஏரில வெட்டுக்குத்துதாம்மா. ஒரு பொண்ணு படிக்கறதுக்காக ஊரே அடிச்சிக்கணுமா?"

டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. அலுமினியக் குண்டானில் சீட்டுக் குலுக்கினார்கள்.

ஒரு டேப்லெட்டின் செவ்வாய்க்கிழமை விழுந்தது, அந்த ஒன்பது பேரில் ஒருவரான பக்கத்து வீட்டு மாமாவுக்கு. அவருடைய இரண்டு பிள்ளைகளும் மீஞ்சூர் பக்கம் லாரி ஓட்டுகிறார்கள். பேரப் பிள்ளை கிடையாது. பெரிய வலை இழுத்தவர் மாதிரி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பிடித்தேன்.

"மாமா, டேப்லெட்ட வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற?"

"பாடு விழுந்து வல இல்லாதவன் இன்னா பண்ணுவான்? வாடகைக்கு வுடுவான்."

"அது கவர்மெண்டு சும்மா குடுத்தது மாமா!"

"ஏரிய மட்டும் காசு குடுத்தா வாங்குனோம்?"

வாரம் ஐம்பது. தேர்வுக்குப் பன்னிரண்டு வாரம். கண்ணாடி உடைந்தால் அது என் தலையில். அவர் வீட்டு வாசலில் நின்றே இருநூறு ரூபாய் கொடுத்தேன். மறுநாளிலிருந்து என் பெண் கிழமையை எண்ண ஆரம்பித்தாள். நான் கண்ணாடியை நினைத்துத் தூக்கம் கெட்டேன்.

போன வாரம் சாரின் அறிக்கையை டீச்சர் வாசித்துக் காட்டினார். பெற்றோர் தாமாக முன்வந்து பங்களித்தார்களாம். மாமாவுக்கு இன்னும் நானூறு ரூபாய் பாக்கி.