சாக்பீஸ் வீடு

ஜெர்மன் டீச்சர் வீடு கட்டுவதில் கைதேர்ந்தவர். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வகுப்பறைத் தரையில் கூடம், சமையலறை, படுக்கையறை என்று சாக்பீஸால் கோடு இழுத்துவிடுவார். கோட்டுக்குள் ஜெர்மன் மட்டும்தான். தாய்மொழியில் வாய் தவறினால் வெளியே போய் நின்று, கதவைத் தட்டி, ஜெர்மனில் கேட்டுத்தான் திரும்ப உள்ளே வரவேண்டும்.

யோசனை அவர் கணவருடையது. கட்டட வரைபடம் போடும் மனிதர். "புஸ்தகத்துல இருக்கற வீட்டுல எவன் குடியிருப்பான்? தரையில கட்டிக் குடு" என்று சொல்லி, முதல் வீட்டைத் தானே முட்டி போட்டு வரைந்து கொடுத்தார்.

அவர் இறந்தபின், மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்க வரும் பெரியவர்களோடு பேசுவதுதான் டீச்சருக்குப் பேச்சு. ஆனாலும் இந்த 'வீடு' பாடத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தார். அந்தக் கோட்டைப் போட்டால் எல்லார் முன்னாலும் உடைந்துவிடுவோமோ என்று பயம். இனித் தள்ள வழியில்லை. அடுத்த வாரம் பேச்சுத் தேர்வு.

குனிந்து போட்டார். எழுந்து பார்த்தால் ஓர் அறைதான் இருந்தது.

"என்ன டீச்சர், இத்தனை பேரும் எங்க படுக்கறது?" என்றார் தையல்காரர்.

"நீங்க விடற குறட்டைக்கு ஊருக்கு வெளிய தனி வீடு பாக்கணும்ணே" என்றாள் நர்ஸ்.

சிரிப்புக்கிடையே டீச்சர் மற்ற அறைகளையும் போட்டு முடித்தார். வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல் பேசிப் பழகுவதுதான் பாடம். எப்போதும் அவர்தான் விருந்தாளி. இன்று லாரி டிரைவர் விடவில்லை. "நீங்க வீட்டுக்காரம்மா. நாங்க வர்றோம்."

நர்ஸ் கதவுக்குப் பதில் மேசையைத் தட்டினாள். பாடத்தை நெட்டுருப் போட்டிருந்தாள். ஜெர்மன் மளமளவென்று வந்தது. "வணக்கம். உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரா?"

கேட்டபிறகுதான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'இருக்கிறார், உள்ளே வாருங்கள்' என்பது புத்தகத்துப் பதில். எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

"இல்லம்மா" என்றார் டீச்சர், சொந்த மொழியில். "அவர் இல்ல."

டீச்சர் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றார்.

"ஐயோ, உங்களுக்கெதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்றாள் நர்ஸ்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். உள்ள போங்க."

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெளியிலிருந்து பார்க்க, வீடு நிறைந்திருந்தது. டீச்சர் மேசையைத் தட்டி, உள்ளே வரலாமா என்று ஜெர்மனில் கேட்டார்.

ஒரு வாக்கியம்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியாத தையல்காரர்தான் எழுந்து வந்து, இல்லாத கதவைத் திறந்தார். "வாங்க. நாற்காலி. டீ. நல்ல டீ" என்று ஜெர்மன் வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தார்.

டீச்சர் திருத்தவில்லை. அவர் நீட்டிய வெறும் கோப்பையை வாங்கி, அடிவரை குடித்தார்.

மணி அடித்ததும் அவரவர் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். டீச்சர் இன்னும் கொஞ்ச நேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு விளக்கை அணைத்தார். கோட்டை மிதித்துப் போயிருக்கலாம். வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாகவே வெளியே வந்து, பைக்குள் கைவிட்டு, தன் வீட்டுச் சாவியைத் தேடினார்.